மைக் செட்டுக்குள் ஒரு கிதார் ஆம்ப்

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்தாலும் சரி, மாதா கோயிலில் கொடி ஏறினாலும் சரி, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் முதலில் வந்து இறங்குவது மைக் செட். கோட்டைக்குப்பமோ ஆண்டிக்குப்பமோ நடூர் மாதா குப்பமோ, கம்பத்தில் கூம்பைக் கட்டி ஒருவர் ‘மைக் டெஸ்டிங்’ சொன்ன பிறகுதான் ஊருக்குத் திருவிழாக் களை வரும். இப்போது விழாவுக்கு அனுமதி கேட்டால் கூம்பு கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான் என்று காவல்துறை நிபந்தனை போடுகிறது. ஆம்ப்ளிஃபயரும் டிரான்ஸிஸ்டருக்கு மாறி, பிறகு சில்லுக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றி. சுவிட்சைப் போட்டதும் பேசாது; அரை நிமிடம் போல ஆகும், கண்ணாடிக் குழாய்க்குள் செம்மஞ்சளாகக் கனியும், அப்புறம்தான் வாயைத் திறக்கும். வால்வு செட்.

அதைக் கிதாரோடு சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. 1950களின் ஃபெண்டர், 1960களின் மார்ஷல், வாக்ஸ் போன்ற கிதார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு இன்று மேல்நாடுகளில் இருக்கும் மவுசு கொஞ்சமல்ல. அவற்றைத் திறந்து பார்த்தால் முன்வரிசையில் இசிசி 83 என்ற சின்ன வால்வு, பின்வரிசையில் ஈஎல் 84 அல்லது ஈஎல் 34 அல்லது 6எல்6 ஜோடி, இரண்டு கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள், நாலைந்து கண்டன்சர்கள். ஏறக்குறைய இதே சரக்குதான் நம் ஊர் மைக் செட்டிலும் இருந்தது. டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா போன்ற கம்பெனிகள் செட் போட்டன. வால்வுகளை முதலில் இறக்குமதி செய்தார்கள். 1954இல் தொடங்கிய பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 வாக்கில் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்ததும் இங்கேயே கிடைத்தன. அங்கே செய்த ஈஎல் 84ஐயும் இசிசி 83ஐயும் வெளிநாட்டுக் கிதார்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

சரக்கு ஒன்றுதான், ஆனால் எதிர்பார்ப்பு நேரெதிர். பேசுவது பேசியபடி கேட்க வேண்டும் என்பது மைக் செட்காரரின் கவலை. குரல் கரகரத்தால் அது அவருக்குக் கோளாறு. கிதார்காரருக்கோ அந்தக் கரகரப்புதான் ‘டோன்’. பழைய ஆம்ப்பின் டோன் என்று ஊரெல்லாம் கொண்டாடுவதைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பாகமும் தன் எல்லையில் தடுமாறும் விதங்களின் கூட்டுத்தொகைதான் மிஞ்சும். மந்திரம் எதுவும் இல்லை. எந்தத் தடுமாற்றம் எந்தப் பாகத்தில் பிறக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். உப்புக்காற்று ஊறிய ஏரிக்கரை செட் ஒன்றில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

செட்டைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றுவோம். (மின்சாரம் துண்டித்த பிறகும் பெரிய கண்டன்சர்களில் 300, 400 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். விவரம் தெரியாதவர்கள் படம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) உள்ளே அச்சிட்ட பலகை கிடையாது. பழுப்பு நிற அட்டையில் வரிசையாகப் பித்தளைக் காதுகள். அவற்றுக்கு நடுவே உருண்டை உருண்டையாக ரெசிஸ்டர்கள், மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள். சிவப்பு, மஞ்சள் ஒயர்கள் மூலைக்கு மூலை ஓடுகின்றன. ஈயம் வைத்த இடங்கள் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். சாசித் தகட்டின் ஓரத்தில் துரு செதில் செதிலாக எழும்பும். வால்வு சாக்கெட்டின் கால்களில் பச்சையாகக் களிம்பு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே வரும் மெல்லிய செம்புக் கம்பி எங்கே வளைகிறதோ அங்கேயும் ஒரு பச்சைப் புள்ளி. கடைசியில் செட்டைக் கொல்லப்போவது அந்தப் புள்ளிதான்.

இசிசி 83இன் கண்ணாடிக்குள் ஒரே குடும்பம் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறது. நடுவே கேத்தோடு என்னும் குழல், அதைச் சுற்றிக் கம்பிச் சுருளாகக் கிரிட், அதற்கும் வெளியே பிளேட். கேத்தோடுக்குள் ஒரு ஹீட்டர் இழை. அதற்கு வேண்டியது 6.3 வோல்ட். இந்த எண் வானத்திலிருந்து வரவில்லை. கார் பேட்டரியின் ஈய அமில அறை ஒன்றுக்கு 2.1 வோல்ட், மூன்று அறைக்கு 6.3. கரண்ட் எட்டாத ஊர்களில் மைக் செட் ஓடியதே அந்தப் பேட்டரியில்தான். வைப்ரேட்டர் என்ற அதிரும் தகடு பேட்டரி மின்சாரத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெட்டி வெட்டிக் கொடுக்க, டிரான்ஸ்ஃபார்மர் அதை 250 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும்.

சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிப் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. இடையில் நிற்கும் கிரிட்டில் வோல்ட்டேஜ் சிறிது அசைந்தாலும் அந்த ஓட்டம் பெரிதாக அசைகிறது. இந்த வால்வின் பெருக்கல் எண் 100. நடைமுறைச் சுற்றில் 50, 60 மடங்கு கிடைக்கும். சிறிய சிக்னலைக் கொடுத்தால் அதே வடிவம் பெரிதாகி வெளியே வரும். சிக்னலைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் கிரிட், கேத்தோடை விட நேர்மின் பக்கம் போய் எலெக்ட்ரான்களைத் தானே உறிஞ்சத் தொடங்கி, அலையின் தலையை அமுக்குகிறது. மறுபக்கம் ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மழுங்குவதில்லை. மழுங்கும் இடமும் வெட்டினாற்போல் இருக்காது.

அலை மழுங்கினால் காதுக்கு என்ன? மூல ஒலியோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்கள் புதிதாகக் கலக்கின்றன. கிதார் ‘ஸ’ வாசிக்கிறது என்று வையுங்கள். இரண்டு மடங்கு மேல்ஸ்தாயி ஸ. மூன்று மடங்கு அதற்கு மேலே உள்ள பஞ்சமம். ஐந்து மடங்கு அந்தர காந்தாரம். இதுவரை எல்லாம் சுதி சேர்ந்த சொந்தக்காரர்கள். ஒலி தடிக்கும், இனிக்கும். ஏழாவது மடங்கு கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுக் கீழே போய் எந்தச் சுரத்திலும் உட்காராமல் நிற்கிறது. ஒன்பது, பதினொன்று என்று மேலே போகப் போக அரம் வைத்து ராவும் சத்தம். அலையை மெல்ல மழுங்கடிக்கும் சுற்றில் கீழ்வரிசை மடங்குகள் மிகும். சடாரென்று வெட்டும் சுற்றில் மேல்வரிசை மடங்குகள் வந்து குவியும்.

வால்வு என்றால் இரட்டைப்படை மடங்கு, டிரான்ஸிஸ்டர் என்றால் ஒற்றைப்படை என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அது பாதிதான் சரி. அலையின் இரு பக்கமும் ஏறுக்குமாறாக மழுங்கினால் இரட்டைப்படை வரும். சமமாக மழுங்கினால் ஒற்றைப்படை. பின்வரிசையில் ஈஎல் 84 ஜோடியாக நின்று ஒன்று தள்ள ஒன்று இழுக்கும்போது, இரண்டின் இரட்டைப்படைப் பிழைகளும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அங்கே வால்வேதான் ஒற்றைப்படையைக் கொடுக்கிறது. குணம் பெரும்பாலும் சுற்றினுடையது. கண்ணாடிக் குழாய்க்குத் தனிப் புனிதம் ஒன்றும் இல்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம். கரகரப்பை ஏற்றி வாசிக்கும் ராக் கிதார்காரர்கள் முழு கார்டைத் தவிர்த்து ஸ-ப இரண்டை மட்டும் பிடிப்பார்கள். ஸவுக்கும் பவுக்கும் உள்ள விகிதம் 2:3. மழுங்கும் சுற்றில் இரண்டு சுரம் நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் வெளியே வரும். 3இலிருந்து 2 போனால் 1. அதாவது ஸவுக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்கிய மந்திர ஸ. யாரும் மீட்டாத சுரம் தானே வந்து அடியில் உறுமுகிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் நிலைமை கெட்டுவிடும். கிதாரின் கட்டுகள் தரும் காந்தாரம் இயற்கையான 5:4 விகிதத்தை விடச் சற்று ஏறியது. சுத்தமாகப் பெருக்கும்போது காது அதைப் பொறுத்துக்கொள்ளும். மழுங்கும் சுற்று அந்தப் பிசகையும் பெருக்கிக் கலங்கலாக்கிவிடும்.

அப்படியானால் மைக் செட்டில் கிதாரைச் சொருகினால் மார்ஷல் சத்தம் வர வேண்டுமே? தனி கிதார் ஆம்ப் வாங்க வசதியில்லாத மெல்லிசைக் குழுக்கள் சொருகத்தான் செய்தன. மைக்குக்கான துளையில் சொருகினால் தாறுமாறாகக் கத்தும். பக்கத்தில் கிராமபோனுக்கென்று இருந்த துளைதான் கிதாரின் பிக்கப்புக்குப் பொருந்தும். ஆனாலும் மார்ஷல் சத்தம் வராது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாலும் பளிச்சென்று இருக்கும், ஒரு கட்டத்தில் திடீரென்று வெடவெடக்கும். இதற்குப் பொறுப்பு ஒரே ஒரு ரெசிஸ்டர். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் கொஞ்சத்தை எடுத்து, தலைகீழாக்கி, முன்வரிசைக்கே அது திருப்பி அனுப்புகிறது. எங்கெல்லாம் வெளியீடு உள்ளீட்டிலிருந்து விலகுகிறதோ அங்கெல்லாம் இந்த எதிர்ப் பின்னூட்டம் இழுத்துப் பிடித்துத் திருத்தும். 1927 ஆகஸ்ட் 2 காலை, பெல் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளருக்கு உதித்த யோசனை இது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே கணக்கைக் குறித்து வைத்தார். தொலைபேசி, ரேடியோ, மைக் செட் எல்லாமே அவருக்குக் கடன்பட்டவை.

ஆனால் திருத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. வால்வுக்கு மேற்கொண்டு கொடுக்கத் தெம்பில்லாத இடத்தில் பின்னூட்டம் கைவிரித்துவிடும். அலை கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டுப்படும். மைக் செட்டில் இந்தப் பின்னூட்டம் தாராளம், மார்ஷலில் குறைவு. 1959 வாக்கில் வந்த வாக்ஸ் ஏசி 30இல் அது அறவே இல்லை. அதன் கிணுகிணுப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். மைக் செட்டையும் கிதார் ஆம்ப்பையும் பிரிக்கும் கோடு அந்த ரெசிஸ்டரில் ஓடுகிறது என்றால் மிகையில்லை. அதன் ஒரு காலைக் கழற்றிவிட்டால், திருவிழா செட் கிட்டத்தட்ட கிதார் ஆம்ப்பாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் குப்பத்தில் சாயங்காலம் 230 வோல்ட் 180க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வின் 6.3 வோல்ட் 4.9 ஆகும், பிளேட்டின் 300 வோல்ட் 235 ஆகும். ஒலி தணியும், சீக்கிரமே மழுங்கும், முனைகள் உருளும். மைக் செட்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அமெரிக்காவில் எடி வான் ஹேலன் என்ற கிதார் மேதை, மார்ஷலுக்கும் சுவரில் உள்ள பிளக்குக்கும் நடுவே வேரியாக் என்ற கருவியை வைத்து, வோல்ட்டேஜை வேண்டுமென்றே 90 அளவுக்கு இறக்கித்தான் தன் புகழ்பெற்ற ஒலியை எடுத்தார். நம் கடைக்கோடி ஊர்களுக்கு அந்த வசதி செலவில்லாமல் கிடைத்தது.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தாலும், மின்சாரத்தை நேராக்கும் வால்வு உள்ள செட்டில் ஒரு சோர்வு இருக்கும். கம்பியை ஓங்கி அடித்தால் பின்வரிசை ஒரேயடியாக மின்னோட்டம் கேட்கும், பிளேட் வோல்ட்டேஜ் தொய்யும், பிறகு மெல்ல எழும். அடி அமுங்கி, அதன் பின் சுரம் மலர்ந்து வருவதுபோல் காதுக்குத் தோன்றும். தங்கள் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்வதாகக் கிதார்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பெரிய கண்டன்சர்கள் வயதாகி உள்ளே ஈரம் வற்றினால் வேறொன்று நடக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது; நேராக்கிய பிறகு மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். அதுதான் செட்டின் ‘ம்ம்ம்’ என்ற உறுமல். கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டைப் பிடித்தால் 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால் உறுமலோடு மோதி நொடிக்கு இரண்டு முறை விம்மும். மேலே 440இல் வாசித்தால் 340லும் 540லும் பேய்ச்சுரங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஊர் ஆம்ப்புகளின் பேய்கள் வேறு சுரங்களில் குடியிருக்கின்றன.

இனி உப்பு. கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடியிலேயே கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே கடல்காற்று செட்டுக்குள் படியவைத்த மெல்லிய உப்புப் படலம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்திட்டு ஊரில் முழுசாகக் காய்வதே அரிது. ஈரமான உப்பு மின்சாரம் கடத்தும். காலையில் கொரகொரவென்று முரண்டு பிடிக்கும் செட், வால்வுச் சூட்டில் உள்ளே உலர்ந்ததும் ஒழுங்காகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கசிவு அதிகம் விளையாடும் இடம் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே உள்ள காகிதக் கண்டன்சர். அதன் ஒரு பக்கம் 300 வோல்ட். மறுபக்கம் ஈஎல் 84இன் கிரிட், 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரையில் கட்டப்பட்டிருக்கிறது. நேர்மின்னோட்டத்தை அடியோடு தடுப்பதுதான் கண்டன்சரின் வேலை. காகிதம் ஈரம் குடித்து 50 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால், மல்டிமீட்டரில் சாதாரணமாக அளந்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால் கிரிட்டில் ஏறக்குறைய 2.8 வோல்ட் வந்து உட்காரும். கேத்தோடை விட 10 வோல்ட் போலக் கீழே இருக்க வேண்டிய கிரிட்டுக்கு இது பெரிய தொகை. வால்வில் ஓட்டம் ஏறும், ஜோடியின் சமநிலை குலையும், அழிந்துபோயிருந்த இரட்டைப்படை மடங்குகள் திரும்ப வரும். கொஞ்ச நாளைக்கு ஒலி வெதுவெதுப்பாக, கெட்டியாக இருக்கும். அந்த நாட்களில் ஒரு கிதார்காரர் வந்து கேட்டால் ‘அடடா, பழைய டோன்’ என்று சொக்கிப்போவார். அப்புறம் ஒருநாள் பிளேட் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கடைசியில் கூம்பு. காகித ஸ்பீக்கர், கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் சில பங்கைத்தான் ஒலியாக்கும். நல்ல கூம்பு 20 பங்குக்கு மேல் ஆக்கும். கூம்பின் அடியில் மாட்டும் யூனிட்டுக்குள் இருக்கும் சின்னத் தகட்டின் அழுத்தம், மெல்ல விரியும் குழலின் வழியே வெளிக்காற்றுக்குப் படிப்படியாக இறங்குவதால் வரும் லாபம் அது. 30 வாட்டை வைத்துக்கொண்டு ஏரியின் அக்கரைவரை கேட்க வைத்தது இதுதான். கொண்டல் அடிக்கும் பிற்பகலில் கடலோரக் குப்பத்துப் பாட்டு மேற்கே தெளிவாக வரும். காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும், எதிர்த்துப் போவது மேலெழும்பித் தப்பிவிடும். நீண்ட ஒயரும் ஒரு சிக்கல். 16 ஓம் யூனிட்டுக்கு 25 வாட் அனுப்ப 1.25 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பினால் கால் ஆம்பியர் போதும், ஒயரில் வீணாவது 25இல் ஒரு பங்காகக் குறையும். ஒவ்வொரு யூனிட்டோடும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தொங்கியது அதற்காகத்தான்.

கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அது கூம்பில் வரவே வராது. ஆனாலும் கேட்பவர் அதே தாழ்ந்த சுரத்தைத்தான் உணர்வார். 328, 410, 492 என்று மேல் மடங்குகள் 82 இடைவெளியில் வருவதை வைத்துக் காணாமல் போன அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. பேச்சுக்குக் கூம்பு இன்னும் தோது, மெய்யெழுத்துகள் தெளிவாகும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அது ராஜா. புதுச்சேரிக் கரையின் வீராம்பட்டினத்தில் 1990களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று அதே கரையின் நல்லவாடு மக்கள், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை ஊர் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் கரையைக் காலி செய்தார்கள். அங்கே டோனுக்கு வேலையில்லை. சொல் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிதார் உலகம் எதிர்த்திசையில் போனது. கரகரப்பு வேண்டும் என்றே 1958இல் லிங்க் ரே என்ற கிதார்காரர் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964இல் டேவ் டேவிஸ் என்ற இன்னொரு கிதார்காரர் சவர பிளேடால் கிழித்தார். உப்பு ஈரத்தில் காகித ஸ்பீக்கர் தானாகவே நைந்து கிழியும் கடலோரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பழைய பாகம் என்பதற்காகவே அதை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். மார்ஷலில் இருந்த கடுகு மஞ்சள் நிறக் கண்டன்சருக்குத் தனி விலை. பழைய கார்பன் ரெசிஸ்டருக்குத் தனி விலை. என்னைக் கேட்டால், அதில் பெரும்பகுதி நம்பிக்கைக்குக் கொடுக்கும் காசு. கார்பன் ரெசிஸ்டர் ஈரம் குடித்து மதிப்பு மாறியிருக்கும், கூடவே ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் தரும். அந்த மாறிய மதிப்புள்ள புது ரெசிஸ்டரைப் போட்டால் இரைச்சல் நீங்கி ஒலி அப்படியே இருக்கும். ஒலியை உண்மையில் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், பின்னூட்டத்தின் அளவும்தான்.

பழவேற்காட்டுப் பக்கம் யாராவது பரணில் ஒரு வால்வு செட்டைக் கண்டெடுத்தால், விவரமான மெக்கானிக் கண்டன்சர்களை யோசிக்காமல் மாற்றுவார், மூன்று பின் ஒயர் போட்டு சாசிக்கு எர்த் கொடுப்பார், வால்வுகளைத் துடைத்து அப்படியே வைப்பார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கழற்றவே யோசிப்பார். முதலில் அதன் மெல்லிய சுருளில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். பச்சைப் புள்ளி இருக்கும் இடத்தில் கம்பி அறுந்திருந்தால், மேலே சொன்ன அத்தனையும் இருந்தும் பயனில்லை. மறுபடி காயில் சுற்ற ஆள் தேட வேண்டும்.